சாவி எங்குட்டு?

அந்தக் கடைக்காரரிடம் ஒரு ஹெட்செட் வாங்குவதற்குள் பாஸ்போர்ட்டே வாங்கிவிடலாம் என்று காரைக்குடியில் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற நாங்கள் எல்லோரும் புலம்புவோம். கையில் காசோடு போனாலும் எடுத்துக் கொடுக்கமாட்டார். முதலில் ஒரு முக்காலியில் உட்காரவைப்பார். கண்ணை மூடச் சொல்வார். பெல்ட்டில் தொங்கும் சாவிக்கொத்தைக் கழற்றிக்கொண்டு நம்மைச் சுற்றி நடப்பார். ரப்பர் செருப்பு, நடப்பதே கேட்காது. எங்கேயோ ஓரிடத்தில் நின்று சாவியை ஒரே ஒரு முறை குலுக்குவார்.

"சாவி எங்குட்டு?"

சத்தம் வந்த பக்கம் நாம் கையை நீட்ட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு முறை. அப்புறம் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் பதிந்துவைத்திருக்கும் அதே சாவிச் சத்தத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக ஓடவிடுவார். அதற்கும் பன்னிரண்டு முறை கையை நீட்ட வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் அந்த ஹெட்செட் நமக்கு. இல்லாவிட்டால் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். யாராவது அவசரப்பட்டால், "சட்டை தைக்க அளவு குடுக்குறீகல்ல? காதுக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்குறீக?" என்பார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து சாயங்காலம் அவர் கடை முக்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கென்ன தலையெழுத்தா? முதல் முறை போனபோது ஏழாவது குலுக்கலிலேயே எழுந்துவிட்டேன்.

"அண்ணே, நான் துப்பாக்கி சுடுற கேம் ஆடுறவ. சாவி தேடுற கேம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சு இருக்கு தங்கச்சி. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பன்னிரண்டும் சரி. அதுவரை உர்ரென்று இருந்த மனிதரின் முகம் லேசாக மலர்ந்தது. "நல்ல காது. பத்திரமா வச்சுக்கங்க" என்றார். காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் கழற்றியா வைக்கப்போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு நான் கேட்டது ஏழு பக்கமும் சத்தம் வருகிற சர்ரவுண்ட் ஹெட்செட். பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அது. அவர் எடுத்துத் தந்தது கறுப்பாக, விளக்கு கிளக்கு எதுவும் இல்லாத ஒரு சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட். "ஏழு பேரு பேசுனாலும் உங்களுக்கு இருக்குற ரெண்டு காது வழியாத்தானே உள்ள வரணும்? கேம்ல பின்னாடி முன்னாடின்னு பிரிச்சு அனுப்புற வேலைய கேமே பாத்துக்கும். நடுவுல இன்னொரு மிஷினு அதையே திரும்பக் கலக்குனா என்னாகும்? காலடி எல்லாம் கெணத்துக்குள்ள நடக்குற மாதிரி இருக்கும்." வேண்டா வெறுப்பாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்தில் எங்கள் டீமுக்கு நான்தான் காது என்று ஆனது.

எங்கள் டீமில் நாலு பேர். தலைவன் என் அத்தை மகன் சரவணன். மற்ற இருவரும் தேவகோட்டைப் பையன்கள், முகம் பார்த்ததைவிடக் குரல் கேட்டதுதான் அதிகம். எதிரி மாடியில் நடக்கிறானா, படியில் இறங்குகிறானா, சுவருக்குப் பின்னால் குனிந்து குண்டு மாற்றுகிறானா என்று காலடியை வைத்து நான் சொல்வேன். அவர்கள் சுடுவார்கள். நான் சுடுவது சுமார்தான், உண்மையை ஏன் மறைக்க வேண்டும்? காது ஒன்றை வைத்துத்தான் அந்த டீமில் எனக்கு இடம்.

அந்தக் கடைக்காரரிடம் சில விசித்திரங்கள் உண்டு. கடையின் இடது சுவரை ஒட்டியே உட்காருவார். யார் வந்தாலும், "இங்குட்டு வாங்க, இங்குட்டு வாங்க" என்று தன் வலது பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். ஹெட்செட்டைச் சோதிக்கும்போது தலையில் மாட்டமாட்டார். ஒரு பக்கத்து ஸ்பீக்கரை வலது காதில் வைத்துக் கேட்பார், அடுத்த பக்கத்தையும் அதே வலது காதில் வைத்துக் கேட்பார். செக்காலை ரோட்டில் பார்த்து "அண்ணே" என்று கூப்பிட்டால் நேர் எதிர்ப்பக்கம் திரும்பித் தேடிவிட்டு, தன்பாட்டுக்கு நடந்துவிடுவார். எனக்கு வருமே கோபம். கடையில் தங்கச்சி, தெருவில் யாரோவா என்று இருக்கும். தலைக்கனம் பிடித்த ஆள் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

ஒரு பெரிய வீட்டில் அவர் போட்ட கூத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நான் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுச் செட்டியார், லீவுக்கு வரப்போகும் மகன் கேம் ஆடுவதற்கென்று ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய பேஸ் பெட்டியுமாகக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் நடு வளவில் வைக்க வேண்டும் என்றார். வளவு என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண், முகம் பார்க்கலாம் போன்ற வழவழச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் செட்டியாரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"சாவி எங்குட்டு, ஐயா?"

செட்டியார் எதிரே இருந்த கதவைக் காட்டினார். கண்ணைத் திறந்தால் சாவி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடுத்த முறை மாடியைக் காட்டினார். நானும் என் மாணவியும் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"உங்க காதுல கோளாறு இல்லைங்கய்யா. இந்தச் சுவத்துல பட்டுச் சத்தம் திரும்பித் திரும்பி வருது. இங்குட்டு வச்சா உங்க மகன் ஆளச் சுடாம சுவத்தச் சுட்டுக்கிட்டுக் கெடப்பாரு. அந்தப் பக்கத்து சின்ன அறையில நாலு ஜமுக்காளத்தத் தொங்கவிட்டு வைப்போம்."

"வர்றவுக போறவுக பாக்க வேணாமா? உள்ள கொண்டுபோயி வைக்கவா இம்புட்டும் வாங்குறேன்?" செட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "சரி, நீங்களே நடுவுல உக்காந்து கேட்டுச் சொல்லுங்க. எங்குட்டு நகட்டுனா சரியா வரும்?" என்றார்.

கடைக்காரர் சட்டென்று எழுந்தார். "எங் காது எதுக்குய்யா? கேக்கப்போறது உங்க மகன்." அவ்வளவுதான். பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பதினைந்து நாள் கழித்துச் செட்டியார் வீட்டு டிரைவர் கடை வாசலில் வந்து நின்றாராம். வேறு கடையில் வாங்கி வளவிலேயே வைத்திருக்கிறார்கள், மகன் சுவரைத்தான் சுட்டிருக்கிறான்.

அந்த வருடம் மதுரையில் ஒரு பெரிய போட்டிக்கு எங்கள் டீம் தேர்வானது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை, சளி பிடித்துக் குணமான மறுநாள், காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. உள்ளே ஒரு இரைச்சல். குளித்தபோது தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். போகவில்லை. அன்று சாயங்காலப் பயிற்சியில் மூன்று முறையும் நான்தான் முதலில் செத்தேன். மூன்று முறையும் எதிரி என் இடது பக்கமிருந்து வந்தான்.

"ஏ, ஒனக்கு என்ன ஆச்சு? பக்கத்துல நின்னு மாவு அரைக்கிற மாதிரி நடந்து வர்றான், பேசாம நிக்கிற" என்றான் சரவணன்.

"ஹெட்செட்டுல இடது பக்கம் போச்சு. எங்கிட்டக் கத்தாத."

சொன்ன மாத்திரத்தில் எனக்கு அதுவே உண்மையாகிவிட்டது. ஆன்லைனில் ஏழு பக்கச் சர்ரவுண்ட் ஹெட்செட் ஒன்றை, விளக்கு எரிகிறதுதான், அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் வாங்கினேன். புதன்கிழமை வந்தது. அதிலும் இடது பக்கம் மந்தம். இரண்டு ஹெட்செட்டுக்கும் ஒரே பக்கம் கெட்டுப்போகுமா என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டையும் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். "இடது பக்கம் வேல செய்யல. சீக்கிரம் பாருங்கண்ணே, ஞாயித்துக்கிழமை போட்டி."

அவர் புது ஹெட்செட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இரண்டிலுமாக நாலு ஸ்பீக்கரையும் ஒவ்வொன்றாக வலது காதில் வைத்துக் கேட்டார். "நாலும் நல்லாத்தானே இருக்கு. உக்காருங்க."

எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியாது என்று சொன்னால் பொய். உட்கார்ந்தேன். பழைய கறுப்பு ஹெட்செட்டை மாட்டிச் சாவிச் சத்தத்தை ஓடவிட்டார். வலது பக்கம் பளிச்சென்று கேட்டது. இடது பக்கம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"இடதுதான் கம்மி" என்றேன்.

"இப்பத் திருப்பிப் போடுறேன். இடது ஸ்பீக்கர் வலது காதுக்கு வரும். கெட்டது ஹெட்செட்டா இருந்தா, இப்ப வலது பக்கம் கம்மியாகணும்."

திருப்பிப் போட்டார். சாவி குலுங்கியது. வலது பக்கம் அதே பளிச். இடது பக்கம் அதே கம்பளி.

"வலது பக்கந்தான் கம்மி" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதாமல் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் நான். அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெறுங்காதுல பாப்போம் தங்கச்சி. அதுல மிஷினே இல்ல. கண்ண மூடுங்க."

சாவி குலுங்கியது. எல்லாமே வலது பக்கம் கேட்டது. எல்லாவற்றுக்கும் வலது பக்கம் கை நீட்டினால் மாட்டிக்கொள்வேன் என்று இடையிடையே இடது பக்கமும் பின்பக்கமும் குத்துமதிப்பாகக் காட்டினேன். பன்னிரண்டு முறை முடிந்தது. பிறகு சத்தமே இல்லை. அவர் என்ன செய்கிறார் என்று புரியவில்லை. காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன்.

அவருடைய கை என் இடது காதை ஒட்டினாற்போல் இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரமா இப்பிடிப் பண்றீக?"

"நீங்க கண்ணத் தெறக்குறவரைக்கும்." கையை எடுத்தார். "எத்தன நாளாச்சு?"

"எதுக்கு?"

"எத்தன நாளாச்சு தங்கச்சி?"

"சனிக்கிழமையில இருந்து. சளிதான். திங்கக்கிழமை டாக்டரப் பாத்துக்குறேன். போட்டி முடியட்டும்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஆறாவது நாளு." என் ஹெட்செட் இரண்டையும் எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அந்தச் சாவிக்கொத்து மறுபடி பெல்ட்டுக்குப் போனது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "என் பொருள எடுத்து நீங்க எப்பிடிப் பூட்டலாம்? குடுங்கண்ணே."

"டாக்டர் சீட்டக் கொண்டாங்க, தர்றேன்."

"போலீஸ்ல போயிச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. போற வழியிலதான் காது டாக்டர் இருக்காரு."

"இந்த ஒரு போட்டிக்குத்தான நான் ஒரு வருசமா ஒழைக்கிறேன்? நான் போகலன்னா அந்த மூணு பேரும் என்ன செய்வாக? ஹெட்செட் விக்கிறவுகளுக்குக் காதப் பத்தி என்ன தெரியும்?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று கேட்ட உடனே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. சாவிக்கொத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முக்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"ஆட்டுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய இடது பக்கம் நின்று சாவியைக் குலுக்கினேன். அவர் கை வலது பக்கம் நீண்டது. பின்னால் போய்க் குலுக்கினேன். வலது பக்கம். நேர் எதிரில் நின்று, முகத்துக்கு முன்னால் குலுக்கினேன். வலது பக்கம். பன்னிரண்டு முறையும் அந்தக் கை வலது பக்கமே நீண்டது. என்னைப்போல் அவர் இடையிடையே ஏமாற்றக்கூட இல்லை.

கண்ணைத் திறக்காமலே பேசினார். "முன்ன மைக் செட்டு வச்சிருந்தேன். ஒருநா காலைல ஆம்ப்ளிபயர்ல இடது பக்கம் வரல. கழட்டுனேன். வயர மாத்துனேன். ஸ்பீக்கர மாத்துனேன். மதுரைக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒருத்தன் நல்லாத்தானே இருக்குன்னான், அவனோட சண்டை போட்டேன். இருவது நாளு. ஊருல உள்ள மிஷின எல்லாம் பிரிச்சுப் பாத்தேன் தங்கச்சி. ஹெட்போன ஒருக்கா திருப்பிப் போட்டுப் பாக்கணும்னு தோணல. கடைசியில டாக்டர்கிட்டப் போனா, மொத வாரமே வந்திருந்தா ஏதாச்சும் செஞ்சிருக்கலாம்னாரு."

தெருவில் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பிய முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதைத் தலைக்கனம் என்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. சாவிக்கொத்தை அவர் கையில் திரும்ப வைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே."

"பயப்படணும். அப்பத்தான் கெளம்புவீக" என்று ஷட்டரை இழுத்துவிட்டார். வியாபார நேரத்தில் அந்தக் கடை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தார்.

டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டித் தலையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்தபோது நான் அழுத்தாமல் உட்கார்ந்திருந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். நரம்பில் வந்த பிரச்சினை என்றார். அன்றே மாத்திரை ஆரம்பித்தார், காதுக்குள் ஊசியும் போட வேண்டியிருக்கும் என்றார். முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் நேரத்தோடு வந்திருக்கிறாய் என்றார். ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று மெல்ல இழுத்தேன். "ஒரு மாசத்துக்கு ஹெட்செட்டத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

சரவணனிடம் போனில் சொன்னபோது அவன் வாயில் வந்ததெல்லாம் பேசினான். வேறொரு பையனைச் சேர்த்துக்கொண்டு போய் முதல் சுற்றிலேயே தோற்று வந்தார்கள். இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினான், டீமில் இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

நான்காவது வாரம் காதில் இரைச்சல் குறைந்தது. ஒருநாள் காலையில் தலையணையில் வலது காதை அழுத்திப் படுத்திருந்தபோது, அடுப்படியில் அம்மா கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். கரண்டியோடு அம்மா திகைத்துப்போய் நின்றார்.

டாக்டர் சீட்டோடு கடைக்குப் போனேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "உக்காருங்க" என்றார். பன்னிரண்டில் பதினொன்று சரியாகக் காட்டினேன். இடது பின்பக்கம் ஒன்று மட்டும் தவறியது. டிராயரைத் திறந்து கறுப்பு ஹெட்செட்டை எடுத்து, கம்ப்யூட்டரில் இடது பக்கச் சத்தத்தை எவ்வளவு கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டித் தந்தார். விளக்கு எரிகிற அந்தப் புது ஹெட்செட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "எரியுதுல்ல, சாமி ரூம்ல மாட்டுங்க" என்றார். அவர் கேலி பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அப்புறம் சில வருடங்களில் கடையை மூடிவிட்டுத் திருச்சிக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தவரைத் தற்செயலாகப் பார்த்தேன். கையில் ஒரு பை. பெல்ட்டில் சாவிக்கொத்து இல்லை. ரோட்டைக் கடக்க நின்றார். நான் போய் அவருடைய இடது பக்கம் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தார். "இங்குட்டு வாங்க தங்கச்சி. அங்குட்டு நின்னா நீங்க பேசுறது எனக்குக் கேக்காது."

"நான் பேச வரலண்ணே. நடங்க" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. வாயசைவைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாதி ரோட்டில் ஹாரன் அடித்தது. அவர் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். வலது பக்கம் ஒன்றும் இல்லை என்று காலை முன்னால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். தேவகோட்டை பஸ் எங்களை உரசினாற்போல் போனது.

அந்த ஹாரன் என் இடது காதில்தான் கேட்டது.